மூக்கு வளைந்த கிழங்கு

கிழங்கு தோண்டும் விழாவுக்கு முந்தின நாள், எங்கள் மழலையர் பள்ளித் தோட்டத்தில் ஒரு கொடியைப் பிடுங்கிப் பார்த்தபோது எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு முழுக்க விரல் நுழைகிற அளவுக்குத் துளைகள். துளைக்குள் வெண்ணெய் நிறத்தில் புழுக்கள் சுருண்டு கிடந்தன. சில கிழங்குகளை அழுத்தினால் புளித்த கஞ்சி மாதிரி ஏதோ வடிந்தது. போன வருஷம் பிள்ளைகள் பெருக்கிக் குவித்த இலைகளை மக்க வைத்துப் பாத்தியில் போட்டிருந்தோம். அதில் வண்டு முட்டையிட்டிருந்தது எங்களுக்குத் தெரியவில்லை.

"ஹிசானோ, எல்லாத்தையும் பிடுங்கிக் குப்பைக்குழியில போட்டுரு," என்றார் கதாயாமா டீச்சர், மூக்கைப் பொத்திக்கொண்டு. பள்ளியின் தலைமை ஆசிரியை அவர். "நான் போய்க் கடையில வாங்கிட்டு வந்துடறேன். இருபத்தாறு பிள்ளைங்க, இருபத்தாறு கிழங்கு. எல்லாம் ஒரே அளவா இருக்கணும். போன வருஷம் பிள்ளைக்குச் சின்னது வந்துச்சுன்னு ஒரு அம்மா மூணு நாள் ஃபோன் பண்ணி உயிரை எடுத்தாங்களே, ஞாபகம் இருக்குல்ல?"

"புழு வந்துடுச்சுன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிடலாமே டீச்சர்?"

"நாளைக்கு ஃபோட்டோக்காரர் வரார். புழுப் படத்தை யாரு வாங்குவா, நீயா?"

சாயங்காலம், கடைசிப் பிள்ளையும் போன பிறகு, நான் மண்டியிட்டுப் புதைத்தேன். கழுவித் துடைத்த சிவப்புக் கிழங்குகள். இரண்டு முனையும் கத்தியால் நறுக்கியவை. செத்த எலிகளை வரிசையாக அடக்கம் செய்வதுபோல இருந்தது. பாத்தியில் ஐஸ் குச்சிகளில் பிள்ளைகளின் பெயர் எழுதி நட்டிருந்தோம். ஒரு பெயருக்கு ஒரு கிழங்கு.

இரோஹாவின் குச்சிக்கு வந்தபோது கை கொஞ்சம் நின்றது. ஐந்து வயதுக்காரி. காலையில் பையைக்கூடக் கழற்றாமல் நேரே தன் கொடிக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறவள். செப்டம்பரில் ஒருநாள் விரலால் மண்ணைத் தோண்டி எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். "டீச்சர், என் கிழங்குக்கு மூக்கு இருக்கு! வளைஞ்ச மூக்கு!" என்னையும் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். உண்மைதான், கிளியின் மூக்கு மாதிரி வளைந்திருந்தது. இருவரும் அதை மறுபடி மண்போட்டு மூடினோம்.

அந்த மூக்கையும் சேர்த்துத்தான் மத்தியானம் பிள்ளைகள் தூங்கும்போது குழியில் எறிந்திருந்தேன்.

மறுநாள் மஞ்சள் தொப்பியும் ரப்பர் பூட்ஸுமாகப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். உதவிக்கு ஆறேழு அம்மாக்கள். ஃபோட்டோக்காரர் பாத்திக்கு எதிரில் குந்தியிருந்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு!" என்றதும் எல்லோரும் மண்ணைக் கிளறினார்கள். இரோஹா மட்டும் மூக்கு உடைந்துவிடுமோ என்று ஓரத்திலிருந்து விரலால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினாள். கிழங்கை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்னோடது இல்ல."

"ஏன் தங்கம், குண்டா அழகாத்தானே இருக்கு?" என்றாள் ஒரு அம்மா.

"என்னோடதுக்கு மூக்கு இருக்கும். இதை ரெண்டு பக்கமும் யாரோ வெட்டியிருக்காங்க. மண்ணுக்குள்ள யாருகிட்ட கத்தி இருக்கு?"

"பெருச்சாளி சமைக்க வெட்டியிருக்கும்!" என்றாள் இன்னொருத்தி. அம்மாக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பக்கத்தில் நின்ற பையன் தன் கிழங்கைத் தூக்கிப் பார்த்தான். "ஏய், என்னோடதையும் பெருச்சாளி வெட்டிடுச்சு!"

ஃபோட்டோக்காரர் கேமராவை இறக்கினார். கதாயாமா டீச்சர் சிரித்த முகத்தோடு வந்து இரோஹாவின் முன்னால் குனிந்தார்.

"இரோஹா, எல்லாரும் சந்தோஷமா இருக்கறப்போ பொய் சொல்லிக் கெடுக்கலாமா? மூக்கெல்லாம் நீயா கற்பனை பண்ணிக்கிட்டது."

"பொய் இல்ல. ஹிசானோ டீச்சரும் பார்த்தாங்க. சொல்லுங்க டீச்சர்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் நகத்துக்குள் முந்தின நாள் மண் இன்னும் இருந்தது.

"கிழங்கு... வளர வளர மாறிடும்மா," என்றேன். கதை சொல்லும்போது வருகிற அதே தேன் குரல். அந்தக் குரலை நானே காதால் கேட்டேன். கிழங்கிலிருந்து வடிந்த கஞ்சி நினைவுக்கு வந்தது.

"மன்னிப்புக் கேளு இரோஹா," என்றார் கதாயாமா டீச்சர்.

இரோஹா அழவில்லை. தொப்பியைக் கழற்றி எல்லோரையும் பார்த்துக் குனிந்து வணங்கினாள். "மன்னிச்சுக்கோங்க." கேமரா அதையும் எடுத்தது.

பிறகு வழக்கமான பாடங்கள். கிழங்குகளை நீளவாரியாக அடுக்கச் சொன்னோம். நீளமும் குட்டையும் கற்றுக்கொள்ள வேண்டுமாம். எல்லாம் ஒரே நீளம். பிள்ளைகள் முழித்தார்கள். இலையில் சாயம் பூசி அச்சு எடுத்தார்கள், பிடுங்கிய கொடியைக் கயிறாகச் சுழற்றித் தாண்டினார்கள். மத்தியானம் சருகுத் தீயில் சுட்ட கிழங்கு. அம்மாக்கள் ஊதி ஊதித் தின்று, "நம்ம மண்ணுல விளைஞ்ச ருசியே தனி!" என்றார்கள். என் வாயில் போட்டதை நான் விழுங்கவில்லை. கழிவறைக்குப் போய்த் துப்பினேன்.

பிள்ளைகள் தூங்கும் நேரத்தில்தான் வீட்டு நோட்டுகளை எழுதுவோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று. பள்ளியில் நடந்ததை நாங்கள் எழுத, வீட்டில் படிப்பார்கள். இரோஹாவின் அம்மா ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்பவள். எந்த விழாவுக்கும் வர முடியாது. அவளுக்கு மகளின் பகல் முழுவதும் அந்த நோட்டுதான்.

"பொய் சொன்னா, மன்னிப்புக் கேட்டா, வீட்டிலயும் கொஞ்சம் கவனிச்சுக்கோங்கன்னு எழுதிடு," என்றார் கதாயாமா டீச்சர்.

'இன்று இரோஹா' என்று எழுதினேன். மேலே ஓடவில்லை. பேனாவை மூடிவிட்டுக் குப்பைக்குழிக்குப் போனேன்.

ஒரே நாளில் குழி கொதித்திருந்தது. சாராய நெடியும் செத்த மீன் நாற்றமும் கலந்து மேலெழும்பின. முழங்கைவரை உள்ளே விட்டுத் துழாவினேன். விரலிடுக்கில் ஏதோ நெளிந்தது. ஆனால் காலையில் சிரித்துக்கொண்டு நின்றதைவிட இது எவ்வளவோ தேவலை. கடைசியில் மூக்கு கையில் தட்டியது. அதன் நுனியில் ஒரு புழு தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

நியூஸ் பேப்பரில் சுற்றி எடுத்துவந்து மேசையில் வைத்தேன்.

"சீ! அந்தக் கருமத்தை எதுக்கு உள்ள கொண்டு வந்தே?"

"இது இரோஹாவோடது டீச்சர்."

நோட்டில் மீதியை எழுதினேன். 'உண்மை சொன்னாள். பொய் சொன்னது நாங்கள். கடையில் வாங்கிய கிழங்கைப் புதைத்தது நான்.' டீச்சர் என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார்.

"பைத்தியமா உனக்கு? நாளைக்கு அத்தனை அம்மாவும் வாசல்ல வந்து நிப்பாங்க. யாரு பதில் சொல்றது?"

"புதைச்சவ சொல்றேன்."

சாயங்காலம் இரோஹாவின் அம்மா வாசலிலேயே நின்று நோட்டைப் படித்தாள். நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். நான் இரோஹாவின் முன் மண்டியிட்டுப் பேப்பரைப் பிரித்தேன். நாற்றத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு அம்மாக்கள் பின்வாங்கினார்கள்.

இரோஹா குனிந்து பார்த்தாள். "மூக்கு!" என்றாள். புழுவைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"இதை யாரு தூக்கிப் போட்டா?"

"நான்தான். நீ சொன்னது நிஜம்னு தெரிஞ்சும் நான் சொல்லல."

அவள் தலையாட்டினாள். கிழங்கைத் தன் மஞ்சள் தொப்பியில் வைத்து மூடினாள். வீட்டுக்குக் கிளம்பும்போது ஒவ்வொரு பிள்ளையும் டீச்சரின் உள்ளங்கையில் கை தட்டிவிட்டுத்தான் போகும். நான் கையை நீட்டினேன். அவள் இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்திருந்தாள். ஒரு கையை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

அம்மாவும் மகளும் தெருத் திரும்பும்வரை நீட்டிய கை அப்படியே இருந்தது. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். நாற்றம் போகவில்லை.