ஊதா கிரேயானில் ஒரு படிவம்

1

இந்தக் கதை ஒரு படிவத்தின் பின்பக்கத்தில், ஊதா கிரேயானில் தொடங்கியது. கலைத்தாகம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மனநல வார்டில் பேனா தரமாட்டார்கள்.

முதல் தொடக்கம்: ‘மழை பெய்துகொண்டிருந்தது. அவள் தன் கையை—’

அடித்துவிட்டேன். மழையும் பெய்யவில்லை, கையைப் பற்றிச் சொல்லப்போவதும் இல்லை. தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டாள், அவ்வளவுதான். எங்கே, எப்படி என்று எட்டிப் பார்க்க வந்தவர்கள் கிளம்பலாம். அந்த வேலையை அவளுடைய சித்தி ஏற்கெனவே செய்து முடித்துவிட்டாள்.

2

தெருவில் அவளுக்குப் பெயர் ‘டிகிரி’. அந்தக் குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. பரிசாகத் தெருவிலுள்ள அத்தனை படிவங்களும் அவள் தலையில் விழுந்தன. ஓய்வூதியம், பள்ளிச் சேர்க்கை, கேஸ் இணைப்பு. வேலை முடிந்து வந்தால் வாசலில் ஆள் நிற்கும். ‘நீ எப்படி இருக்கிறாய்?’ என்று கேட்கிற கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை.

(காரணம் இதுதானா? தெரியாது. காதல் தோல்வி வைத்துப் பார்த்தேன், அவளுக்கு அளவு சரியில்லை.)

3

வார்டில் இருபத்திரண்டு நாள். குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. குளிக்கும்போது சிஸ்டர் வெளியே நின்று, “இருக்கியாம்மா?” என்பார். உள்ளிருந்து, “இருக்கேன்” என்று குரல் வர வேண்டும்.

முதல் வாரம் டிகிரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “எம்.எஸ்ஸி. படிச்சவளை ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி அட்டெண்டன்ஸ் எடுக்கிறீங்க!”

மூன்றாவது வாரம் ஒருநாள் வெளியிலிருந்து சிஸ்டரின் குரல் வரவில்லை. தலையில் சோப்போடு அவளே கத்தினாள்: “சிஸ்டர், இன்னைக்கு என்னைக் கேக்கவேயில்லையே!”

(இதைத் திருப்புமுனை என்று எழுதினால் சிஸ்டர் சிரிப்பார். அடுத்த நாளே அவள் மாத்திரையைத் துப்பினாள்.)

4

வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு படிவம். ‘அந்த எண்ணம் வந்தால் முதலில் யாரிடம் சொல்வேன்?’

ஆயிரம் படிவம் நிரப்பிய கை. காலியாக விட்டால் திருப்பி அனுப்புவார்கள் என்று தெரிந்த கை. பழக்கதோஷத்தில் எழுதியது: ‘பொருந்தாது’.

“பொருந்தாதாம்ல!” சிஸ்டர் தாளை ஆட்டினார். “இது என்ன கேஸ் கனெக்‌ஷனா?”

கூட்டிப்போக வந்த அம்மா எட்டிப் பார்த்தாள். “என்னடி கேக்குது?”

“யார்கிட்ட சொல்லுவேன்னு.”

“எங்கிட்ட சொல்லேன்.”

“உங்கிட்டயா? ஆபீஸ் ட்ரெயினிங் போயிருக்கான்னு தெரு முழுக்கச் சொல்லி வெச்சவதானே நீ!”

அம்மா பைக்குள் எதையோ தேடினாள். பையில் ஒன்றும் இல்லை. “வேற என்ன சொல்லத் தெரியும் எனக்கு?” பிறகு சிஸ்டரைப் பார்த்தாள். “இவ வந்து சொன்னா நான் என்னம்மா செய்யணும்? அதையும் அதுல எழுதச் சொல்லுங்க.”

“கத்தக் கூடாது. அழக் கூடாது. பக்கத்துல உக்காரணும். சமாளிக்க முடியலைன்னா ரெண்டு பேரும் கிளம்பி இங்க வந்துடணும்.”

“அழாமயா?” அம்மா யோசித்தாள். “அது ஒண்ணுதான் கஷ்டம்.”

5

முடிவு அ: இருவரும் கட்டிக்கொண்டு— வேண்டாம். அந்த வீட்டில் யாரும் யாரையும் கட்டிக்கொண்டதில்லை.

முடிவு ஆ: டிகிரி மேடையேறித் தன்னம்பிக்கை உரை— தூ.

நடந்தது இவ்வளவே. ‘பொருந்தாது’ அடிபட்டது. மேலே ஊதாவில், ‘அம்மா (அழுதாலும் பரவாயில்லை)’.*

* ‘அவள் நீதானே?’ என்று கேட்கிறீர்கள். படிவம் என்னிடம் இருக்கிறது. அதற்கு மேல் கேட்காதீர்கள்.

படிவத்தில் அடுத்த வரி, ‘அவர் கிடைக்காவிட்டால்?’ இன்னும் காலி. அதை நான் முடித்துத் தரமாட்டேன். இவ்வளவு தூரம் வேடிக்கை பார்த்த நீங்கள் யாருக்காவது அந்த இரண்டாவது வரியாக இருக்க முடியுமா? உடனே தலையாட்டாதீர்கள். முதலில் ஒரு மூடிய கதவுக்கு வெளியே நின்று, “இருக்கியா?” என்று கேட்டுப் பழகுங்கள்.

பதில் வரும்வரை நகரக் கூடாது.