கௌசிகாவின் வாயில் ஓர் அரணை

குச்சிதான். சருகில் கிடந்த குச்சியைத்தான் எடுத்து வாயில் வைத்திருக்கிறாள். குச்சியாக இருந்துவிட்டால் போதும்.

குச்சி நெளிந்தது.

தலக்கோனா அருவியில் முகம் கழுவிவிட்டு ஈரத் துண்டோடு திரும்பிய சுஷ்மிதா அப்படியே நின்றுவிட்டாள். ஒன்றரை வயது மகள் கௌசிகாவின் உதட்டுக்கு வெளியே பழுப்பு நிறத்தில் ஒரு வால் துடித்துக்கொண்டிருந்தது. துண்டு எங்கே விழுந்ததென்று தெரியாது. அவள் விரலை விட்டு இழுத்ததும், சுண்டுவிரல் நீளமே இருந்த அரணை ஒன்று எச்சிலோடு வெளியே விழுந்து இலைகளுக்கடியில் புகுந்துகொண்டது. பொம்மையைப் பிடுங்கிவிட்ட மாதிரி குழந்தை அழுதாள். பக்கத்துப் பாறையில் உட்கார்ந்திருந்த கணவன் ரகு அப்போதுதான் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினான்.

அரணையின் எச்சில் பட்டாலே உயிர் தங்காது என்று கேட்டு வளர்ந்தவர்கள் இருவரும். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினாள். அவன் ராமகுப்பத்திலிருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டுக்கொண்டே பின்னால் வந்தான்.

"விஷம் லேதம்மா, ஒண்ணும் இல்ல. பாவம், அதுதான் பயந்திருக்கும்," என்று சிரித்தார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. கௌசிகா பிஸ்கட் கேட்டாள்.

வராந்தாவில் ரகுவின் போன் அடித்தது. அம்மாதான். அவன் எடுக்கவில்லை.

"சுஷ்மி, புள்ள உங்கிட்ட இருந்துச்சுன்னு சொல்லிடு."

"இன்னா?"

"நான் போன் பாத்துக்கினு இருந்தேன்னு தெரிஞ்சா அம்மா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடும். நீன்னா நம்பும். வேலைக்குப் போறவ, நெனப்பு கம்பெனிலயே இருந்துச்சுன்னு வுட்டுடும்."

விட்டுவிடுமா? சுஷ்மிதா ஸ்ரீசிட்டி கம்பெனி வேலையை விடாவிட்டால் பேத்தியை ராமகுப்பத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்த மாமியார் தனபாக்கியத்துக்கு ஒரு காரணம்தான் குறைவாக இருந்தது. அது அவனுக்கும் தெரியும்.

பயத்தில் பேசுகிறான் என்று நினைத்துப் பார்த்தாள். பயந்தவனுக்கு இவ்வளவு சீக்கிரம் ஒரு பொய் அமையுமா? ஆட்டோவில் வரும்போது, பிள்ளை பிழைக்குமா என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்ட நேரமெல்லாம், பக்கத்தில் உட்கார்ந்து இவன் இதைத்தான் கோத்துக்கொண்டிருந்தானா? அரணையைத் தொட்டபோது வராத குளிர் இப்போது முதுகில் ஏறியது.

போன் மறுபடி அடித்தது. அவன் எடுத்து, "தோ, சுஷ்மிதாவே பேசுது மா," என்று ஸ்பீக்கரில் போட்டு அவள் முன்னால் நீட்டினான்.

"ஏம்மா, புள்ளய வுட்டுட்டு எங்க போயிட்ட?" என்றது தனபாக்கியத்தின் குரல்.

சுஷ்மிதா போனை வாங்கவில்லை. குழந்தையை இடுப்பில் சரியாக வைத்துக்கொண்டாள்.

"கூட இருந்தது நீங்கதான," என்றாள் ரகுவிடம், தாழ்ந்த குரலில். "நீங்களே சொல்லுங்க."