இருபது பேரின் முதுகு

சமூகவியல் படித்த நான்கு பெண்களில் மூன்று பேரைப் போன மாதமே சர்வே கம்பெனி வேலையை விட்டு அனுப்பிவிட்டது. மிச்சமிருந்தவளுக்கு மேலாளர் ஒரு சோதனை வைத்தார். கிடங்கில் மூட்டை தூக்கும் இருபது பேரிடம் உடல்நிலை பற்றி அவள் நேரில் கேட்டு எழுத வேண்டும். அதே இருபது பேரின் வயது, வேலை, கூலியை மட்டும் வைத்து ஏஐ தானே பதில்களை எழுதும்.

"எது உண்மைக்குக் கிட்ட இருக்கோ, இனிமே அதுதான். நீ ஜெயிச்சா வேலை நிரந்தரம்" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆளையே பார்க்காத ஒன்றோடு போட்டியா? அந்தக் கிடங்கில்தான் அவள் அப்பா இருபத்தாறு வருடமாகச் சுமக்கிறார். அவள் பட்டம் மூட்டை மூட்டையாக அவர் முதுகில் ஏறி இறங்கியது. சொந்தக்காரரைக் கேட்கக்கூடாது என்பது விதி. அவரை விட்டு மற்றவர்களைப் பிடித்தாள்.

மதியச் சாப்பாட்டு நேரம். முதலில் வந்தவர் ஒட்டகம். முதுகு கூனியதால் வந்த பெயர். சுவரைப் பிடித்துப் பிடித்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"முதுகு வலி இருக்கா மாமா?"

"எனக்கா? கல்லு மாதிரி இருக்கேன். எழுதிக்கோம்மா."

"இப்ப சுவத்தைப் பிடிச்சுதானே உக்காந்தீங்க?"

"அது விழுந்துடக்கூடாதுல்ல."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பார்த்ததை எழுதக் கை பரபரத்தது. சொன்னதை எழுது, உன் எண்ணத்தைக் கலக்காதே என்று மூன்று வருடம் வகுப்பில் மண்டையில் ஏற்றியிருந்தார்கள். 'வலி இல்லை' என்று எழுதினாள். நான்கு நாளில் இருபது பேர். ஒருவருக்கும் வலி இல்லை.

மேலாளர் இரண்டு தாள்களையும் மேசையில் வைத்தார். பக்கத்தில் கிடங்கு மருத்துவரின் பதிவு. அந்த இருபதில் முதுகு வலிக்கு ஊசி போட்டுக்கொண்டவர்கள் பதினாறு பேர். ஏஐ பதினைந்து பேருக்கு வலி என்றிருந்தது.

"நீ பூஜ்யம்னு குடுத்திருக்க. நேர்ல போயுமா?"

"அவங்க சொன்னதைத்தான் சார் எழுதினேன்."

"அதாம்மா விஷயம். அது யாரையும் கேக்கல. அதனால அதுகிட்ட யாரும் பொய் சொல்லல. மாசக் கடைசி வரைக்கும் வா."

வீட்டில் அப்பா குப்புறப் படுத்திருந்தார். அம்மா அவர் இடுப்பில் மருந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். மகளைக் கண்டதும் அப்பா தலையைத் தூக்கினார்.

"என்னம்மா, எல்லாரும் நல்லபடியா சொன்னாங்களா? ஒருத்தனும் வலின்னு வாயைத் திறக்கக்கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தேன். ஒட்டகம்தான் முரண்டு பிடிச்சான். குறை சொன்னா கேக்க வந்த பொண்ணு தலையிலதான்டா விடியும்னு கெஞ்ச வேண்டியதாப் போச்சு."

அவள் தோளில் பையோடு நின்றாள்.

"பத்தலையா? அடுத்த ஷிப்ட்ல இன்னும் முப்பது பேர் இருக்கானுங்க. நாளைக்கே பேசிடறேன்."

"போதும்பா. நல்லாத்தான் சொன்னாங்க."

அவர் நிம்மதியாகத் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டார். மாதக் கடைசிக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.