மாமனாருக்கு மலையாளம் தெரியாது

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கம்பம் ஊரில் வீட்டு மாடியில் உட்கார்ந்து சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கும் திலீபனின் நெற்றியில் அந்தப் பழமொழியை எழுதி ஒட்டலாம். அவனுக்கென்று சொந்தமாக ஒரு இணையதளம் உண்டு. படம் கிடையாது, நிறம் கிடையாது, வெள்ளையில் கறுப்பு எழுத்து, அவ்வளவு எளிமை. எழுத்தும் கிடையாது என்பதுதான் விசேஷம். எழுத உட்கார்ந்தாலே, எழுதியதை இணையப் பக்கங்களாக மாற்றித் தரும் ஜெனரேட்டர் என்ற மென்பொருள் சரியில்லை என்று அவனுக்குத் தோன்றிவிடும். ஜெக்கிலில் ஆரம்பித்தான், பெலிக்கனுக்கு மாறினான், திரும்ப ஜெக்கிலுக்கே வந்தான். தளத்தில் இருந்த மூன்று கட்டுரைகளும் ஏன் மாறினேன், எப்படி மாறினேன், ஏன் திரும்பி வந்தேன் என்பவைதாம். அடப்பாவி, இதை எவன் படிப்பான்?

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹியூகோ என்ற இன்னொரு ஜெனரேட்டருக்கு மாறினான். மத்தியானச் சோறு ஆறிப்போன பிறகு மனைவி சுபாஸ்ரீ மாடிக்கே வந்துவிட்டாள்.

"புதுசா என்ன எழுதுனீக?"

"எழுதல. மாத்துனேன். இனி ஒரு செகண்டுல முழு சைட்டும் ரெடியாயிரும்."

"மூணு பக்கத்துக்கு எதுக்குங்க அம்புட்டு அவசரம்? அது எந்த பஸ்ஸப் பிடிக்கப் போகுது?"

கேலி செய்தாலும் கட்டிக்கொண்ட புருஷன் அல்லவா, தளத்தின் முகவரியைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் அவள் அப்பா சீனிச்சாமி, திறந்துகூடப் பார்க்காமல், "எங்க மாப்ள வெப்சைட்டு" என்று தன் போனில் இருந்த அத்தனை பேருக்கும் தள்ளிவிட்டார். ரோஜாப்பூ போட்ட காலை வணக்கத்தையே ஊர் முழுக்க அனுப்புகிறவர் அவர்.

சாயங்காலம் சுபாஸ்ரீ போனும் கையுமாக ஓடிவந்தாள். "ஏங்க, எங்கப்பாவுக்கு மலையாளம் தெரியுமா?"

திலீபன் போனைப் பிடுங்கிப் பார்த்தான். பழைய ஜெனரேட்டர், டிராஃப்ட், அதாவது வரைவு, என்று பெயரிட்ட கோப்புறைக்குள் கிடப்பதைத் தொடாது. புதியது அப்படியல்ல, ஒவ்வொரு கோப்பின் தலையிலும் 'இது டிராஃப்ட்' என்று ஒரு வரி இருந்தால்தான் விட்டுவைக்கும். இவனோ எல்லாக் கோப்பையும் ஒரே கட்டளையில் அள்ளிக்கொண்டு வந்தவன், அந்த வரியை எதிலும் சேர்க்கவில்லை. பாதியில் விட்டவையெல்லாம் ஊர் முன்னால் வந்து நின்றன. எல்லாவற்றுக்கும் மேலே நின்ற தலைப்பு, 'என் மாமனாருக்கு மலையாளம் தெரியாது'.

விஷயம் இதுதான். இளவட்ட வயதில் கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்த சீனிச்சாமிக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் குமுளியில் இருந்து பழம் வாங்க வரும் தொம்மச்சனுக்கு முன்னால் ஒரு சொல்லும் தெரியாதவராகவே நிற்பார். தொம்மச்சனும் கூட்டாளியும் பந்தலுக்கு அடியில், "அறுபது வரெ போகாம், அதில் கூடுதல் வேண்டா" என்று கிசுகிசுப்பார்கள். கிலோவுக்கு அறுபது ரூபாய் வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம் என்று அர்த்தம். இவர் கொடியைக் கட்டுகிற சாக்கில் கேட்டுக்கொண்டு, அந்த அறுபதிலேயே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். இறங்கவே மாட்டார். இந்த ரகசியத்தைப் பெண்டாட்டி பிள்ளைக்குக்கூடச் சொல்லாமல், மாப்பிள்ளையாயிற்றே என்று திலீபனிடம் மட்டும் சொல்லியிருந்தார். அவன் அதை ரசித்து ரசித்து எழுதிப் பதுக்கி வைத்திருந்தான்.

அவசரமாக நீக்கினான். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடித்து என்ன செய்வது? சீனிச்சாமி போனில், தொம்மச்சன் படித்துவிட்டு அனுப்பிய சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்திருந்தன. மறுநாள் காலையில்தான் தொம்மச்சன் பழத்துக்கு விலை பேச வருகிறார். குலையெல்லாம் பழுத்துத் தொங்குகிறது, ஒரு மழை பெய்தால் வெடித்துப்போகும். அந்த நிலையில் சீனிச்சாமிக்கு இருந்த ஒரே தராசு அவர் காதுதான். அதை மாப்பிள்ளை பிடுங்கிப் போட்டுவிட்டான்.

காலையில் சுபாஸ்ரீயோடு தோட்டத்துக்குப் போன திலீபனை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. "மாப்ளையாப் போயிட்டீக. வேற எவனாச்சும்னா நடக்குறதே வேற" என்றார். திலீபனுக்கு அழுகையே வந்துவிட்டது. "மன்னிச்சிருங்க மாமா, வேணும்னு செய்யல" என்றான். அவர் கயிற்றை எடுத்துக்கொண்டு கொடி கட்டப் போய்விட்டார்.

தொம்மச்சன் ஜீப்பை விட்டு இறங்கும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எண்டே பொன்னு அண்ணே! நான் வந்த முதல் வருஷம் என் ஆள்கிட்ட ஒரு தமாஷ் சொன்னேன். அவன் சிரிக்கிறதுக்கு முன்னாடி நீங்க சிரிச்சீங்க. அன்னைக்கே எனக்கு மனசிலாயி!"

சீனிச்சாமியின் கையில் இருந்த கயிறு அப்படியே நின்றது. "அப்ப... இத்தன வருஷமா ரகசியம் பேசுனது?"

"அது உங்க காதுக்குன்னு பேசுனது அண்ணே. எங்க உண்மையான கணக்க நாங்க ஜீப்புலேயே பேசி முடிச்சிருவோம்."

சொல்லியிருக்க வேண்டாம்தான். சிரிப்பு வந்துவிட்டால் சில பேருக்கு வாய் நிற்காது. சீனிச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, பிறந்தது முதல் மலையாளம் தவிர எதுவுமே பேசாதவர் போல, அந்த மொழியிலேயே பேரத்தை ஆரம்பித்தார். தொம்மச்சன் திணறிப்போய்த் தமிழுக்கு ஓடிவந்தார். கடைசியில் அறுபத்தைந்துக்கு முடிந்தது. கிளம்பும்போது அவர் திலீபன் முதுகில் தட்டி, "நல்லா எழுதுறீங்க, இனி தினம் படிப்பேன்" என்றார்.

ஜீப் மறைந்ததும் சீனிச்சாமி வரப்பில் தொப்பென்று உட்கார்ந்தார். இத்தனை வருடமும் தான் ஜெயித்ததாக நினைத்திருந்த மனுஷன். அந்த முகத்தைப் பார்க்கத் திலீபனுக்குப் பொறுக்கவில்லை. சுபாஸ்ரீ கொண்டுவந்த மோரைக் குடித்து முடித்துவிட்டு அவர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"மாப்ள, நெசமாவே தெனமும் படிப்பானா?"

"படிப்பாருன்னுதான் நெனைக்கிறேன் மாமா."

"அப்ப அடுத்த காய்ப்புக்கு முன்னாடி ஒண்ணு எழுதுங்க. பெங்களூரு பார்ட்டி ஒண்ணு என் மாமனார் தோட்டத்தப் பாத்துட்டுப் போயிருக்காக, எம்பதுக்குக் கேக்குறாகன்னு."

"அப்படி யாரும் வரலையே மாமா."

"வந்தா நான் எதுக்கு ஒங்கள எழுதச் சொல்றேன்?" சீனிச்சாமி குரலைத் தாழ்த்தினார். "ஆனா நேராப் போட்டா நம்ப மாட்டான். நேத்து மாதிரியே தெரியாம வெளிய வந்தாப்புல இருக்கணும். அதுக்கு அந்த மிசின இன்னொருக்க மாத்தணும்னாலும் மாத்திருங்க."

திலீபன் வாயெல்லாம் பல்லாகப் பெண்டாட்டியைப் பார்த்தான். சுபாஸ்ரீ அப்பாவை ஒரு முறை முறைத்தாள், புருஷனை ஒரு முறை முறைத்தாள்.

"மாத்தித் தொலைங்க" என்றாள்.