ஜக்கையன் தலை இறங்கிய விதம்

மல்லகுந்தத்தில் ஜக்கையனின் தலை மேலே போய்ப் பதினோரு வருஷம் கீழே வரவில்லை. முதல் நாள் ஏரிக்கரையில் நின்றவர்கள் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்துவிட்டு, மாடு கட்ட நேரமாகிவிட்டதென்று வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவன் பெண்டாட்டி கேதவ்வையும் அவள் நாத்தனார் சாத்தவ்வையும் மட்டும் புதுத்துணியை ஆளுக்கொரு முனையில் விரித்துப் பிடித்தபடி நின்றார்கள். பொழுது சாய்ந்ததும் சாத்தவ்வை கை கடுக்கிறதென்று தன் முனையை விட்டாள். கேதவ்வை துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

குந்த வம்சத்து வழக்கம் இது. அரசன் பட்டம் ஏறும் அன்று அவனோடு ஒரே தட்டில் சோறு தின்ற வீரன், அரசன் செத்த சேதி வந்தால் அன்றைக்கே பொழுதுக்குள் தானும் சாக வேண்டும். ஏரிக்கரை மூங்கிலை வளைத்து, அதன் நுனியில் அவன் குடுமியை உருவு முடிச்சாகக் கட்டி, கழுத்தில் வாள் வைப்பார்கள். மூங்கில் நிமிரும்போது தலை ஆகாயத்துக்குத் துள்ளி விழும். வீட்டார் அதைத் துணியில் ஏந்தி, உடம்போடு சேர்த்து எரிக்க வேண்டும். எரித்த பிறகுதான் அந்த வீட்டில் அடுப்புப் பற்றவைக்கலாம், கல் நடலாம், ரத்த மானியமாக நிலம் வாங்கலாம். இந்த வழக்கத்தை ஏற்படுத்திய அரசர்களில் ஒருவரும் அந்த மூங்கிலுக்குக் கீழே உட்கார்ந்ததில்லை.

நன்னிதேவ அரசர் வடக்கே சண்டைக்குப் போனபோது, அவர் தட்டில் தின்ற ஜக்கையன் கால் வீங்கி வீட்டில் கிடந்தான். நாலாம் நாள் மத்தியானம் ஓட்டக்காரன் ஒருவன் வந்து வெண்குடை தரையில் கிடப்பதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னான். குடை விழுந்தால் அரசர் விழுந்தார் என்பதுதான் அங்கே கணக்கு. ஜக்கையன் களி தின்றுகொண்டிருந்தான். கையைக் கழுவிவிட்டு எழுந்தான்.

"நாளைக்குக் காலை வரைக்கும் பொறுய்யா. ஓடிவந்தவன் மூஞ்சியே சரியில்ல," என்றாள் கேதவ்வை.

"குடை விழுந்துட்டுது புள்ள. இனி என்னத்தப் பொறுக்கறது? களிய மூடி வை, நாய் வாய வெச்சிடும்."

மறுநாள் காலையில் அரசர் ஒரு கோவேறு கழுதையில் வந்து சேர்ந்தார். உடம்பில் கீறல்கூட இல்லை. அவர் தெற்கு வாசலில் நுழைந்ததும், ஏரிக்கு மேலே நின்ற தலை மெதுவாக நகர்ந்து அவர் உச்சிக்கு நேராக, இரண்டு பனை உயரத்தில் வந்து நின்றது. குடை எப்படி விழுந்தது என்று அரசரை யாரும் கேட்கவில்லை. கேட்கிற ஆட்களை அந்த அரண்மனையில் வைத்திருப்பதில்லை. தலை கீழே வராததால் ஜக்கையனின் உடம்பை எரிக்காமல், தலையில்லாமலே புதைத்தார்கள். அரசர் உயிரோடு இருப்பதால் சபதம் முடியவில்லை, சபதம் முடியாததால் கல்லும் இல்லை நிலமும் இல்லை என்று அமைச்சர் சாவண்ணர் சொல்லி அனுப்பினார். கேதவ்வை வளையலைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஆள்விட்டுக் கேட்டாள். அதற்குப் பதில் வரவில்லை. ஒரு கையில் மட்டும் போட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து அரசர் ஓர் இடத்தில் உட்காரவில்லை. மாடத்தில் படுத்தால் கூரைக்கு மேலே தலை நின்றது. பாசறைக்குப் போனால் அங்கே நின்றது. வேட்டையில் மான்கள் அதைப் பார்த்துவிட்டு அரசர் வருமுன்பே ஓடின. எதிரிகள் அவர் எந்தப் புதரில் பதுங்கியிருக்கிறார் என்பதைக் காத தூரத்திலிருந்தே தெரிந்துகொண்டார்கள். ஏழு சண்டையில் ஏழும் தோற்றார். அரசர் எந்தத் தெருவில் எந்த வீட்டுக்குப் போயிருக்கிறார் என்பது பட்டத்தரசிக்குத் தன் முற்றத்திலிருந்தே தெரிந்தது. தலை ஒன்றும் பேசாது, முறைக்காது. கண் திறந்திருக்கும், தாடி வளரும், மழை பெய்தால் நனையும். காத்திருக்கும், அவ்வளவுதான். அரசர் இருமினால் மட்டும் ஒரு முழம் கீழே இறங்கும். இருமல் நின்றால் பழைய இடத்துக்குப் போய்விடும். அரசர் இருமுவதற்கே பயந்தார்.

வில்லாளிகள் அம்பு விட்டார்கள். அம்புகள் வழி தெரியாமல் ஏரியில் விழுந்தன. சாவண்ணர் படித்தவர் என்பதால் வேறு விதமாக யோசித்தார். நன்னிதேவர் செத்துவிட்டார் என்று பறையறைந்து, பாடையில் வைக்கோல் பொம்மையைக் கிடத்தி எரித்து, மறுவாரமே அதே ஆளுக்குச் சத்தியதேவர் என்று பெயர் வைத்துப் பட்டம் கட்டினார். கல்லில் வெட்டிய வம்சாவளியில் இப்போதும் அப்பனும் மகனுமாக இரண்டு பேர் இருக்கிறார்கள். கல்வெட்டுக்காரன் கூலிக்கு வெட்டுகிறவன், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. தலை மட்டும் ஏமாறவில்லை.

கேதவ்வை தன் வீட்டு அடுப்பு அணைந்து கிடக்க, நாத்தனார் வீட்டு அடுப்பில் களி கிண்டினாள்.

"எங்கண்ணன் ஆகாசத்துல சொகமா நிக்குறான். எனக்குத்தான் வெறகு செலவு," என்று சாத்தவ்வை தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள்.

"உங்கண்ணன நீயே கூப்புட்டு எறக்கு. நான் போயி என் அடுப்பப் பாக்குறேன்."

அரசர் ஊரில் இருக்கும் நாட்களில் கேதவ்வை தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பாள். "யோவ், போதும் வாய்யா. வந்தீன்னா எரிச்சிட்டு ஒரு வாய் கஞ்சியாச்சும் நம்ம வூட்டுல வெச்சுக் குடிப்பேன்," என்பாள். தலை அவளைப் பார்க்கும். பிறகு அரசர் எங்கேயாவது கிளம்பிவிடுவார், அதுவும் போய்விடும்.

பதினோராம் வருஷம், அறுப்பு முடிந்த சமயம், தலை அவள் வீட்டுக்கு நேர் மேலே வந்து நின்றது. அவள் துணியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். வாசலில் அரசர் நின்றார். மெலிந்து, கண் குழிந்து, நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார்.

"அவ்வா, இவன் எப்பத்தான் எறங்குவான்?"

"நீ செத்தா."

காவலாட்கள் வேலைத் தூக்கினார்கள். அரசர் கையைக் காட்டி அடக்கினார். "வேற வழி இல்லியா?"

"இருந்தா நான் ஏன் பதினோரு வருசமா அடுத்தவ அடுப்புல நிக்கறேன்?"

அரசர் அவள் பக்கம் குனிந்தார். "கொடை விழல. நாந்தான் தூக்கிப் போட்டேன். கொடைக்குக் கீழ நின்னா என்னை அடையாளம் கண்டுக்குவாங்கன்னு போட்டுட்டு ஓடியாந்தேன்."

தலை இரண்டு பனை உயரத்திலிருந்து கூரை உயரத்துக்கு இறங்கியது. அதற்குமேல் வரவில்லை. கேதவ்வை அதைப் பார்த்தாள், அரசரைப் பார்த்தாள், உள்ளே போனாள். சாத்தவ்வை வீட்டுக்கு ஓடவில்லை. தன் அடுப்பின் சாம்பலை வாரிக் கொட்டிவிட்டு, தீ வாங்கிவந்து பற்றவைத்தாள். எரிக்காத சாவு வீட்டில் புகை எழுந்ததும் தெருவே கூடி வாயில் கை வைத்தது. அவள் களி கிண்டி, அவரைக்காய்ச் சாறு ஊற்றி, ஒரே தட்டில் கொண்டுவந்து நடுவீட்டில் வைத்தாள்.

"அவரு உன் தட்டுல தின்னாரு. இப்ப நீ என் தட்டுல தின்னு."

"தின்னா...?"

"அவரு சபதம் உனக்கு மாறிடும். நான் போற அன்னிக்கு நீயும் போவணும். எனக்கு முப்பத்தேழு வயசு, பல்லு பூரா இருக்கு. பயப்படாத, தின்னு ராசா."

அரசர் ஒரு வாய் எடுத்தார். சாறு தாடியில் வழிந்தது. விழுங்கியதும் வெளியே சாத்தவ்வை கத்தினாள். நன்றாகப் பழுத்த பழம் காம்பு விடுவதுபோல, சத்தமில்லாமல், தலை இறங்கி வந்தது. கேதவ்வை எச்சில் கையோடு ஓடித் துணியில் ஏந்தினாள். பாதி நரைத்திருந்தது. "இம்மாந்தாடி வளத்து வெச்சிருக்கியே," என்று சொல்லி, எரிக்குமுன் அவளே மழித்துவிட்டாள். அன்று அரசர் அந்த வீட்டுத் தரையிலேயே படுத்து இரண்டு நாள் எழாமல் தூங்கினார்.

கல் நட்டார்கள், நிலமும் வந்தது. அதன்பிறகு குந்த நாட்டில் கேதவ்வையைப்போல் பத்திரமாக வைக்கப்பட்ட ஆள் வேறு யாரும் இல்லை. அவள் தும்மினால் அரண்மனை வைத்தியர் பல்லக்கில் வருவார். அவள் வயல் வரப்பில் பாம்பு பிடிக்க ஆறு பேர் நின்றார்கள். கிணற்றுக்கு அரசரே கைப்பிடிச் சுவர் கட்டித் தந்தார். சண்டைக்குப் போகும் முன் அவளிடம் வந்து, "அவ்வா, மழையில நனையாத," என்று சொல்லிவிட்டுப் போவார். பிறகு சண்டைக்குப் போவதையே விட்டுவிட்டார். நாடு அந்தக் காலத்தில்தான் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. கல்வெட்டில் அதற்கு வேறு காரணம் எழுதியிருக்கிறது.

முப்பத்தோரு வருஷம் கழித்து கேதவ்வை களத்தில் நெல் துழாவிக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்தபடி செத்துப்போனாள். அவளை எரித்தார்கள். எரித்த பிறகும் ஊரில் ஓர் அடுப்பும் பற்றவில்லை. அதே நாழிகையில் ஏரிக்கரை மூங்கில் ஒன்று, யாரும் கயிறு போடாமல், தரை தொட வளைந்து நின்றது. குடியானவப் பொம்பளை தட்டில் தின்றது சபதமே ஆகாது என்று, மூப்பில் கூன் விழுந்த சாவண்ணர் சாத்திரம் எடுத்துக் காட்டினார். மூங்கிலை வெட்டச் சொன்னார். வெட்டினார்கள், அடுத்தது வளைந்தது. இரண்டு நாளும் அரண்மனை அடுப்புகூடப் பிடிக்கவில்லை. அரசர் ஊறவைத்த அவலைத் தின்றார்.

மூன்றாம் நாள் காலையில் அரசர் எழுந்து குளித்தார். சாவண்ணர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"வழிய விடுய்யா. ஊரே பட்டினி கெடக்குது," என்றார் அரசர். குடையை எடுத்துவரச் சொன்னார். ஏரிக்கரை வரை தன் கையாலேயே பிடித்துக்கொண்டு போனார்.

பல் போன சாத்தவ்வை அதே துணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுமுனையைப் பட்டத்தரசி பிடித்தாள். இந்தத் தடவை தலை மேலே போய், மூன்று எண்ணுவதற்குள் இறங்கி வந்துவிட்டது. சாத்தவ்வை துணியை அரசியிடம் விட்டுவிட்டுக் களி கிண்டப் போனாள். தெருவில் நுழையும்போதே எல்லா வீட்டுக் கூரையிலும் புகை வந்துகொண்டிருந்தது.