பகிடிக் கொட்டகையின் தேத்தண்ணி

"ஊரில நீங்கள் எவடம், கலா?" என்று தவமலர் கேட்டதும் சந்திரகலா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

சிரிக்காமல் என்ன செய்வாள்? அந்தக் கேள்வியை இருநூறு மேடைகளுக்கு மேல் கேட்டவள் அவள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, ஒரு புருவத்தை மட்டும் தூக்கி, "தம்பி ஊரில எவடம்?" என்று அவள் இழுத்தாளென்றால் பாரிசிலிருந்து ரொறன்ரோ வரைக்கும் சனம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். அதே கேள்வியை, அதே இழுவையோடு, பாரிசுக்குப் பக்கத்துச் சென் தெனியில் அவளுடைய வீட்டுச் சோபாவிலேயே இருந்துகொண்டு ஒருத்தி கேட்டால் பகிடி என்றுதானே நினைப்பாள்.

தவமலர் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த அவள் புருசன் பக்தவத்சலமும் சிரிக்கவில்லை. சுவரில் தொங்கிய கோயில் கலண்டரை அன்றுதான் கண்டவர் போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் 'பகிடிக் கொட்டகை' நாடகக் குழுவின் தலைவர். அவர்களுடைய மகன் தருணுக்கும் சந்திரகலாவின் ஒரே மகள் ஆர்த்திகாவுக்கும் மூன்று வருசமாக விருப்பம். அதைப் பேசி முடிக்கத்தான் இருவரும் ஒரு பெட்டி இனிப்போடு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வந்திருந்தார்கள். மேசையில் தேத்தண்ணி ஆவி பறந்துகொண்டிருந்தது.

"பகிடி இல்லை கலா," என்றாள் தவமலர். "நாங்கள் ஒண்டும் பாக்கிற ஆக்களில்லை. சும்மா ஒரு கதைக்குக் கேக்கிறன்."

ஒன்றும் பார்க்காதவர்கள் மட்டும்தான் இப்படிச் சும்மா கேட்பார்கள்.

பகிடிக் கொட்டகை பதினொரு வருசத்துக்கு முன்னர் பாரிசின் ரூ பஜோல் தெருவில் ஒரு மரக்கறிக் கடையின் நிலக்கீழ் அறையில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் பிறந்தது. முதல் நாடகத்துக்கு வந்தவர்கள் இருபத்தேழு பேர். அதில் பாதிப்பேர் நடிகர்களின் சொந்தக்காரர், மிச்சப்பேர் மழைக்கு ஒதுங்கினவர்கள். பக்தவத்சலம் அந்த நாட்களில் எழுதியதெல்லாம் அறிவுரை. குடியை விடு, தமிழை மறக்காதே, தாய் தகப்பனைக் கைவிடாதே என்று இரண்டு மணித்தியாலம் வெளுத்து வாங்குவார். சனம் கொட்டாவி விட்டது.

சந்திரகலா அங்கே நடிக்கப் போனவள் அல்லள். உடுப்புத் தைக்கவும், ஒத்திகைக்குப் பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவரவும் போனவள். புருசனைப் போரில் பறிகொடுத்துவிட்டு, கைப்பிள்ளையோடு வந்து, அந்தப் பிள்ளைக்குப் பத்துப் பன்னிரண்டு வயதான பிறகும் பகலில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்கிக்கொண்டிருந்த காலம் அது. ஒருநாள் நடிகர் ஒருவர் வராமல் போக, எல்லாரும் சோர்ந்திருந்த நேரத்தில், கடை வரிசையில் தன்னைப் பிடித்து விசாரித்த ஒரு மனுசியை அவள் விளையாட்டாக நடித்துக் காட்டினாள். வெங்காய மூட்டைகளில் விழுந்து புரண்டு சிரித்தார்கள். பக்தவத்சலம் சிரித்தபடியே கொப்பியை எடுத்து எழுதினார். மறுமாதம் விளம்பரத்தாளில், 'எவடம்? – எழுத்து, இயக்கம்: பக்தவத்சலம்' என்று வந்தது.

கதை பெரிதாக ஒன்றும் இல்லை. தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் ஒரு அக்கா, புதிதாக வந்த ஒருவரை மடக்குகிறாள். அவர் என்ன ஆக்கள் என்று தெரியவேண்டும். ஆனால் வாயால் கேட்கக் கூடாது, கேட்டால் மரியாதை கெட்டுவிடும்.

"ஊரில எவடம்?"

"கோயிலடி அக்கா."

"கோயிலுக்கு முன்பக்கமோ, பின்பக்கமோ?"

"அனேகமா உள்ளுக்கதான் அக்கா, பொங்கல் தருவினம்."

"ஆற்றை கிணத்தில தண்ணி அள்ளினனீங்கள்?"

"குழாய் பூட்டினாப்பிறகுதான் அக்கா நான் பிறந்தனான்."

இப்படியே போய், கடைசியில் அக்கா களைத்துப்போய், "சரி, நீங்கள் எங்கடை ஆக்கள்தான்" என்று தானே முடிவுகட்டி, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் கோப்பையை நீட்டுவாள். அவர் வாங்கிக் குடிப்பார். பாட்டு, இருட்டு, கைதட்டு. அந்த அவர், பக்தவத்சலம். கோப்பை எப்போதும் வெறுங்கோப்பைதான். இல்லாத தேத்தண்ணியை ஊதி ஊதி அவர் குடிக்கிற அழகுக்கே தனியாகக் கைதட்டுவார்கள்.

அதோடு குழு எங்கேயோ போய்விட்டது. லண்டன், சூரிச், ரொறன்ரோ என்று கூப்பிட்டார்கள். தேர்த்திருவிழாவில் வானொலிக்காரர் ஒலிவாங்கியை நீட்டியபோது பக்தவத்சலம், "சாதியெண்ட விசரை நாங்கள் சிரிப்பாலதான் கொளுத்திறம்" என்றார். சனமும் நன்றாகத்தான் சிரித்தது. ஒவ்வொருவரும் பக்கத்துக் கதிரைக்காரரைப் பற்றித்தான் நாடகம் என்று நம்பிச் சிரித்தார்கள். சிரித்து முடித்து வெளியே வந்து, காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்ப நீங்கள் எவடம்?" என்று ஒருவரையொருவர் பகிடியாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்தும் நின்றார்கள்.

இத்தனை வருசத்தில் சந்திரகலாவை மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்கிறவளை யார் கேட்பார்கள்? அந்த வேசம் அவளுக்குச் சோறு போட்டதைவிடப் பெரிய உதவி அதுதான். யாராவது வாயைத் திறக்க முன்னர் அவள் புருவத்தைத் தூக்கிவிடுவாள். பேச்சு சிரிப்பில் முடிந்துவிடும்.

இன்றைக்கு அந்தப் புருவம் எழும்பவில்லை.

பொய் சொல்வது அவளுக்குப் பெரிய வேலையில்லை. நழுவுகிற பதில்கள் அத்தனையும் அவள் வாயில் பிறந்தவைதான். ஆனால் சோபாவின் கைப்பிடியில் ஆர்த்திகா இருந்தாள். ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறவள், அன்றைக்கென்று சேலை உடுத்து, என்ன நடக்கிறதென்று விளங்காமல் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பொய்யை இந்தப் பிள்ளை அந்த வீட்டில் ஆயுள் முழுக்கக் காவிச் சுமக்கவேண்டுமே என்று நினைத்ததும் சந்திரகலா அதை விட்டுவிட்டாள்.

"கரம்பைக்குளம்," என்றாள்.

"கரம்பைக்குளத்தில?"

"குளத்துக்கு அங்காலை."

அந்த ஊரில் குளத்துக்கு இந்தப் பக்கத்துக்காரருக்குக் கதிரை உண்டு, கோயில் உண்டு, கிணறு உண்டு. அங்காலே இருந்தவர்கள் இந்தக் கிணற்றில் வாளி போட்டால் இறைத்துவிட்டுக் கழுவுவார்கள். இது தவமலருக்கும் தெரியும், பக்தவத்சலத்துக்கும் தெரியும். குளம் எண்ணாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் கிடந்தது. இருந்தாலும் அந்தச் சின்ன முன்னறைக்குள் வந்து இவர்களுக்கு நடுவில் படுத்துக்கொண்டது.

தவமலர் வாய்வரை கொண்டுபோன கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள். பக்தவத்சலம் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"பதின்மூண்டாம் நம்பர் மெத்ரோ ஞாயிற்றுக்கிழமையில சரியான மோசம். வெளிக்கிடுவம் என்ன?"

"தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோ அண்ணை."

"இல்லைப் பிள்ளை, எனக்கு இப்ப சீனி ஒத்துக்கொள்ளுதில்லை."

கதவு சாத்தியதும் ஆர்த்திகா, "அம்மா, ஸே குவா ல புரொப்ளேம்? அந்தக் குளத்தில என்ன?" என்று கேட்டாள்.

"குளத்தில ஒண்டுமில்லைப் பிள்ளை. தண்ணிதான்."

மறுநாள் பக்தவத்சலம் தொலைபேசியில் குரலைத் தாழ்த்தி, சாதகம் பொருந்தவில்லை என்றார். ஆர்த்திகாவின் சாதகத்தை யாரும் அவரிடம் கொடுத்திருக்கவில்லை. "ஆனா நாடகத்தை நாங்கள் விடேலாது கலா. நீ எனக்குக் கூடப்பிறக்காத தங்கச்சியெல்லோ," என்றும் சொன்னார். மூன்று கிழமையில் பெரிய நாடகம் இருந்தது. வெங்காய மூட்டையில் தொடங்கிய குழுவுக்கு, அறுநூறு சிவப்பு வெல்வெட் கதிரை போட்ட பிரெஞ்சுத் தியேட்டர் ஒன்று முதல்முறையாகக் கதவு திறந்திருந்தது. நகரசபையிலிருந்து ஒரு மதாம் வரப்போகிறாளாம். கூடப்பிறக்காத தங்கச்சி இல்லாமல் முடியுமா?

ஒத்திகைக்குச் சந்திரகலா வழமைபோலப் பிளாஸ்க்கோடு போனாள். பதினொரு வருசமாக அதே பிளாஸ்க், அதே தேயிலைச் சாயம். "கலான்ரை தேத்தண்ணி இல்லாட்டி எனக்கு வசனம் வராது" என்று இரண்டு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்த பக்தவத்சலம், அன்றைக்கு மூலையில் இருந்த மெசினில் காசு போட்டுக் காப்பி எடுத்தார். அதில் சீனி தாராளமாக இருந்தது. இவ்வளவு காலமும் குடித்த தேத்தண்ணியை எங்கே கொண்டுபோய்த் துப்புவது என்றுதான் அவருக்குத் தெரியவில்லைப் போலும்.

நாடகங்களுக்குப் பாட்டுப் போடுகிற தருண் ஒலி மேசையில் குனிந்தபடி இருந்தான். ஆர்த்திகாவிடம், "அப்பாவோட கதைக்கிறன், கொஞ்சம் டைம் தா" என்றானாம். "தாறன். எத்தினை வருசமெண்டு மட்டும் சொல்லு" என்று அவள் திருப்பிக் கேட்டாளாம்.

நாடகத்தன்று மத்தியானம் தாய் சேலை மடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஆர்த்திகாவுக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை.

"இதுக்குப் பிறகும் அவரோட நடிக்கப் போறீங்களோ?"

"போகத்தான் வேணும். அந்தக் கேள்வி என்ரை." சொல்லிக்கொண்டே சந்திரகலா கேத்திலில் தண்ணி வைத்தாள்.

நாலு மணிக்குத் திரை விலகியது. முன் வரிசையில் தவமலர் தங்கப்பூப் போட்ட சேலையில், மதாமுக்குப் பக்கத்தில் இருந்தாள். 'எவடம்?' கடைசியாக வந்தது. சந்திரகலா புருவத்தைத் தூக்கியதுமே அறுநூறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கோயிலடி வந்தது, கிணறு வந்தது, குழாய் வந்தது. "சரி, நீங்கள் எங்கடை ஆக்கள்தான்" என்று அவளும் முடிவுகட்டினாள்.

பிறகு சேலைத் தலைப்புக்குள்ளிருந்து பிளாஸ்கை எடுத்தாள். கோப்பையில் ஊற்றினாள். மேடை வெளிச்சத்தில் ஆவி எழும்பியது. வழமையான வெறுங்கோப்பையைத்தான் பக்தவத்சலம் எதிர்பார்த்து நின்றவர்.

"பிடியுங்கோ அண்ணை. வீட்டிலயிருந்து கொண்டுவந்தது."

அவர் கை பாதி தூரம் வந்து நின்றது. மறுபடி வந்தது, மறுபடி நின்றது. சனம் கதிரையில் அடித்துச் சிரித்தது. அவர் ஆயுளில் அவ்வளவு இயல்பாக நடித்ததில்லை. கடைசியில் வாங்கினார். ஊதினார். உதட்டுக்குக் கிட்டக் கொண்டுபோய்த் தலையை அண்ணாந்து, தொண்டை ஏறி இறங்க, "ஆகா, அருமையான தேத்தண்ணி அக்கா!" என்றார். இருநூறு மேடைப் பழக்கம் கைகொடுத்தது.

இந்த இடத்தில் பாட்டு வரவேண்டும். சந்திரகலா கோப்பையைத் திருப்பி வாங்கி, முன் வரிசைக்குத் தெரியச் சரித்துப் பிடித்தாள்.

"ஊத்தினபடியே கிடக்குது அண்ணை."

இன்னும் பெரிய சிரிப்பு.

"பதினொரு வருசம் ஒத்திகையில நீங்கள் ரெண்டு ரெண்டு கோப்பையாக் கேட்டு வாங்கிக் குடிச்ச அதே தேத்தண்ணி. மூண்டு கிழமைக்கு முதல், சம்பந்தம் பேச வந்த இடத்தில, என்னை எவடம் எண்டு கேட்டனீங்கள். குளத்துக்கு அங்காலை எண்டு நான் சொன்னனான். அண்டையிலயிருந்து கசக்குது, என்ன?"

சிரிப்பு முன் வரிசையில் முதலில் செத்தது. பிறகு ஒவ்வொரு வரிசையாகப் பின்னுக்குப் போய் அடங்கியது. பக்தவத்சலம் இருட்டைத் தேடுகிறவர் போல ஒலி மேசைப் பக்கம் பார்த்தார். தருண் கைகளைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து இருந்தான். பாட்டை அவன் போடவில்லை.

சந்திரகலா கோப்பையைத் தன் வாயில் வைத்தாள். அவசரப்படவில்லை. கடைசி மிடறு வரை ஆறுதலாகக் குடித்தாள். குடித்து, கோப்பையை மேசையில் கவிழ்த்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள். மேடை விளிம்புக்கு வந்து, அறுநூறு பேரையும் ஒருமுறை பார்த்து, அந்த ஒற்றைப் புருவத்தைத் தூக்கினாள்.

"சரி. இப்ப நீங்கள் சொல்லுங்கோ. எல்லாரும் எவடம்?"

மேடையில் அந்தக் கேள்விக்கு ஒருத்தரும் சிரிக்காதது அதுதான் முதல் தடவை.