ஈரக் கல்லுப்பு

எரியக் கூடாத விளக்கு எரிந்தது. ஒன்பதாம் வகுப்பு முழுவதும் பெஞ்சை விட்டு எழுந்து, "ஜொல்ச்சே, மிஸ், ஜொல்ச்சே!" என்று கத்தியது. எரிகிறதாம். எனக்கும் கண் இருக்கிறதே.

தவளை தன் வாயால் கெடும். அரை நிமிஷத்துக்கு முன்னால்தான் ஆங்கிலத்தில் அடித்துப் பேசியிருந்தேன். திட நிலையில் உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் எதிரெதிர் மின்னூட்டத்தால் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். அவை நகராமல் மின்சாரம் ஏது? இப்படிக் கேட்டுவிட்டு, பாட்டரியின் இரண்டு கம்பிகளையும் கிண்ணத்து உப்பில் குத்தினேன். சிவப்பு எல்.இ.டி. பல்பு மங்கலாக எரிந்தது. நான்தான் பல்பு வாங்கினேன்.

கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை மிஸஸ் பாசு நரைத்த தலையைக் குனிந்து எதையோ எழுதினார். இது வேலைக்கான டெமோ கிளாஸ். இருபது நிமிஷம். நிரந்தர இடம் ஒன்று, ஆள் இரண்டு. நேற்று டெமோ கொடுத்தவர் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லையாம். கிடைக்காவிட்டால் மாதக் கடைசியோடு என் தற்காலிக வேலையும் போய்விடும். கணவருக்குக் கல்கத்தா கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸ் என்பதால் தூத்துக்குடியிலிருந்து வந்தவள் நான். முதல் மூன்று வருஷத்தை குவார்ட்டர்ஸ் ஜன்னலில் நின்று, அடுத்த வீட்டுத் துணி காய்வதைப் பார்த்தே கழித்தேன். அந்த ஜன்னலுக்குத் திரும்பிப் போக நினைத்தாலே பயமாக இருந்தது.

காலையிலேயே என் கணவர் முத்துக்குமார் கேட்கத்தான் செய்தார்.

"பள்ளிக்கூடத்துலயே உப்பு இருக்கும்லா? வீட்டுக் கல்லுப்ப எதுக்குக் கொண்டுபோற?"

"அது மாவு மாதிரில்லா இருக்கும். இதப் பாருங்க, ஒவ்வொரு கல்லும் எவ்வளவு அழகா இருக்கு. பிள்ளைகளுக்குப் படிகம்னா என்னன்னு காட்டண்டாமா?"

ஊருக்குப் போகும்போதெல்லாம் ஐந்து கிலோ கல்லுப்பைக் கட்டி, சென்னையில் ரயில் மாறி, ஹவுரா வரை சுமந்து வரும் குடும்பம் எங்களுடையது. இங்கே உப்புக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் ரசத்துக்கு அதுதான் சேரும் என்பது எங்கள் கொள்கை. உப்பளத்திலிருந்து நேராக வருவதால் அதில் மக்னீசியம் குளோரைடும் கொஞ்சம் கலந்திருக்கும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அதுவும் கல்கத்தாவின் மழைக்காலக் காற்று! ஜாடியில் கைவிட்டால் விரல் பிசுபிசுக்கும். தினமும் அந்தக் கையால் குழம்புக்கு உப்புப் போடுகிறவள், எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. யானைக்கே அடி சறுக்கும், நான் எந்த மூலை?

கம்பி இரண்டும் உள்ளே தொட்டுக்கொண்டன என்று ஒரு பொய் சொன்னால் போதும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போது முதல் பெஞ்ச் மௌமிதா, "அப்படியானால் புத்தகத்தில் இருப்பது தப்பா, மிஸ்?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னாலும் எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்து வைத்திருந்தாள். பொய் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"புத்தகம் சரிதான். என் உப்புதான் ஈரம். தப்பு என்னுடையது" என்றேன். ஈரத்தில் உப்பு கரைகிறது, அயனிகள் பிடி விட்டு நகர்கின்றன, மின்சாரம் பாய்கிறது என்று விளக்கினேன். சொல்லும்போது காது சுட்டது.

பிறகு ஈரம் போகட்டும் என்று உப்பைப் பீங்கான் கிண்ணத்தில் கொட்டி பர்னர் மேல் வைத்தேன். படபடவென்று வெடித்தது. பிள்ளைகளைப் பின்னால் தள்ளி நிற்கச் சொன்னேன்.

"உருகிவிடுமா, மிஸ்?"

"எண்ணூறு டிகிரி தாண்டினால்தான் உருகும். அவ்வளவு லேசில் பிடியை விடாது."

வெடிப்பு அடங்குவதற்குள் மிஸஸ் பாசு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பித்யா, டைம் ஓவர்." வங்காளிகள் வாயில் வித்யாலக்ஷ்மி அப்படித்தான் ஆவாள்.

"ஒன் மினிட், மேடம்." கெஞ்சலாகத்தான் வந்தது.

அவர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். பெஞ்ச் தரையில் உரசிய சத்தம் மட்டும் கேட்டது. போய்விட்டார் என்றே நினைத்தேன். அழுகை வந்தது, அதற்கு நேரமில்லை. பர்னரை அணைத்துவிட்டுக் கம்பிகளை உப்பில் குத்தினேன். நாற்பது தலைகள் கிண்ணத்தைச் சுற்றிக் கவிந்தன.

எரியவில்லை. யாரும் கத்தவில்லை. மௌமிதாவின் தோளுக்கு மேலே நரைத்த தலை ஒன்று, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, எரியாத அந்த விளக்கையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது.